பாய்மரம் தேடிக் கரையேறியவர்கள்

ரொறன்ரோவில் வாழும் என் பால்ய நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் சித்திரைப் புத்தாண்டன்று தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொல்வார். இம்முறை வாழ்த்து இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி முக்கால் மணி நேரமும் படகைப் பற்றிய பேச்சு. ஓய்வுபெற்ற பின் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஐப்பசி பிறக்கும் முன்பே படகுகளைப் பாரந்தூக்கியால் கரையேற்றி, தாங்கிகளில் இருத்தி, படங்கினால் மூடிவிடுவார்கள். உறைபனிக் காலம் முழுவதும் அவை அங்கேதான். சித்திரையில் படங்கைக் கழற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டித் தேய்த்து, பாசி பற்றாத பூச்சுப் பூசி, இறக்கி வைத்த பாய்மரத்தின் கம்பி வடங்களை விரலால் தடவி இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகே மீண்டும் நீரில் இறக்குவார்களாம். வைகாசிக்குள் இறக்காவிட்டால் கோடை போய்விடும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவர் அழைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. "பலகை இடுக்குகளுக்குப் பஞ்சு அடைக்கிற வேலைக்கு எங்கடை ஊரிலை என்ன பெயர் மச்சான்? நாக்கு நுனியிலை நிக்குது, வருகுதில்லை" என்றார். கலப்பற்று என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "நீ கண்டியிலை இருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், ஆனாலும் மறக்கேல்லை" என்றார்.

நாங்கள் இருவரும் வடமராட்சிக் கரையில் பிறந்தவர்கள். அங்கே உறைபனி இல்லை. ஆனால் படகு கரையேறும் பருவம் உண்டு. ஐப்பசியில் வாடை பலக்கத் தொடங்கினால் வடகடல் எவருக்கும் வளைந்துகொடுக்காது. வள்ளங்களைப் பனங்குற்றிகளின் மேல் உருட்டி மேட்டுக்குக் கொண்டுவந்து கிடுகால் மூடிவிடுவார்கள். தை பிறந்து காற்றுத் தணிந்ததும் வேலை ஆரம்பமாகும். ஒட்டிய கொட்டலசைச் சுரண்டுவது, துளைத்த புழுவுக்கு நெருப்புக் காட்டுவது, இற்றுப்போன பஞ்சைப் பிடுங்கிப் புதுப் பஞ்சை உளிவைத்து அடிப்பது, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் இழுப்பது. கடைசியில் சுறா எண்ணெய். அந்த மணம் பள்ளிக்கூடச் சட்டையிலும் ஏறிவிடும். மேத்திரியார் ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார். மரம் உள்ளே உக்கியிருந்தால் ஓசை மாறும். நல்ல நாள் பார்த்துத் தேங்காய் உடைத்து வள்ளத்தைத் தள்ளும்போது சிறுவர்களாகிய நாங்களும் கைவைப்போம். எங்கள் கை பட்டதால் அது ஓர் அங்குலமாவது நகர்ந்திருக்குமோ என்னவோ.

அந்தக் கரையின் தொழில் எப்படிப்பட்டது என்பதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் சான்று வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட அன்னபூரணி. அதை றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயரை மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை அத்திலாந்திக் கடல் தாண்டிச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள். இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது வேறு கப்பலைப் பற்றி. கடலைக் காணாத கண்டியில் இவ்வளவு காலம் இருந்தவனுக்குப் பாய்க்கப்பலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் கேலி செய்தார். இருக்கிறது. கண்டி இராச்சியத்தைப் பற்றி மேலைநாட்டார் எழுதியவற்றுள் மிகப் புகழ்பெற்ற நூல், ஒரு கப்பலுக்குப் புதுப் பாய்மரம் நடப்போன இடத்தில்தான் தொடங்குகிறது.

முதலில் நிலவியலைச் சொல்லிவிட வேண்டும். கண்டி நகரிலுள்ள வாவி, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807இல் கட்டத் தொடங்கியது. அதில் பாய் விரிக்கும் அளவுக்குக் காற்றுமில்லை, இடமுமில்லை. ஆனால் நகரை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிக் கடலில் சேருமிடம், திருகோணமலைக்குத் தெற்கே மூதூரை அடுத்த கொட்டியாரக் குடா. பேராதனைப் பாலத்தில் நின்று ஒரு தேங்காய் மட்டையை ஆற்றில் போட்டால், அணைகள் வராத காலத்தில் அது போய்ச் சேரக்கூடிய துறை அதுவே. கண்டி மன்னர்களின் கடல்வாசல்களுள் கொட்டியாரமும் ஒன்றாக இருந்தது. துறையில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். அதிகாரம் மலையில் இருந்தது.

இனிக் கதைக்கு வருவோம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்ற கப்பல் ஊர் திரும்புவதற்குச் சரக்கேற்றியபடி மசூலிப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. 1659 நவம்பர் 19ஆம் நாள் பெரும் புயல். கப்பல்கள் சில அழிந்தன. 'ஆன்' தப்பியது, ஆனால் அதற்குரிய விலையைக் கொடுத்துத் தப்பியது: நடுப் பாய்மரத்தை அடியோடு வெட்டிக் கடலில் தள்ளிவிட்டார்கள். கடலோடாதவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். பாயைச் சுருட்டிவிட்டாலும் மரமும் அதன் குறுக்குப் பருமல்களும் வடங்களும் காற்றுக்கு ஒரு சுவர்தான். அந்தச் சுவரை வீழ்த்தாவிட்டால் நங்கூரம் இழுபட்டுக் கப்பல் கரையில் மோதும், அல்லது கவிழும். கோடரியை எடுக்கத் தலைவன் ஆணையிடும் கணம் மாலுமியின் வாழ்க்கையில் மிகக் கொடியது என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நடு மரம் இல்லாமல் இங்கிலாந்துக்குப் போக முடியாது. சென்னை சென். ஜோர்ஜ் கோட்டையில் கம்பனியின் முகவராக இருந்தவர், கொஞ்சம் துணி ஏற்றிக்கொண்டு கொட்டியாரத்துக்குப் போகும்படி பணித்தார். மரம் நடும் வேலை ஒருபுறம் நடக்க, வியாபாரமும் மறுபுறம் நடக்கும் அல்லவா? கப்பலில் பரங்கிப்பேட்டை வணிகர்கள் சிலரும் ஏறினார்கள், துணி அவர்களுடையது. அங்கிருந்து இங்கே வந்துபோக வழிதெரிந்தவர்கள் அவர்கள்தாம். கம்பனிக் கதையில் நம்மவர்கள் எப்போதும் இப்படித்தான், ஒரே ஒரு வரியில் வந்து மறைந்துவிடுவார்கள். அவர்கள் பெயரை எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

கொட்டியாரத்தைத் தேர்ந்தது பிழையான கணிப்பன்று. குடா ஆழமானது, காற்றுக்கு மறைவானது, பின்னால் காடு. முதிரையும் பாலையும் சமண்டலையும் வளரும் காடு அது. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் அந்தச் சமண்டலை மரம் பிற்காலத்தில் 'திருகோணமலை மரம்' என்ற பெயரிலேயே சென்னைக்குப் போய், அலைக்கரையில் ஆளேற்றி இறக்கிய மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்டது. நடு மரம் நடுவது இலேசான வேலையன்று. நேரான, கணு குறைந்த மரத்தைக் காட்டில் தேடி வீழ்த்த வேண்டும்; நீர்க்கரைவரை இழுக்க வேண்டும்; உருட்டிச் செதுக்க வேண்டும். பிறகு இரண்டு நீண்ட கழிகளின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டித் தளத்தில் ஊன்றி, உச்சியில் கப்பி போட்டு மரத்தைத் தூக்கி, அடித்தளம்வரை இறக்கி, ஏராவின் மேலுள்ள குழியில் அதன் கால் பொருந்தும்படி அமர்த்த வேண்டும். ஆப்பு அடித்து, இரு பக்கமும் வடம் இழுத்துக் கட்டி, தார் பூசி முடியும்வரை அந்தக் கப்பல் கடலில் மிதக்கும் ஒரு வீடு, அவ்வளவுதான். ஓடவும் முடியாது, துரத்தவும் முடியாது. கரையிலுள்ளவர்களின் நல்லெண்ணத்தில்தான் அது மிதக்கிறது.

புயலைவிட இந்த நாட்கள்தாம் ஆபத்தானவை என்பது என் எண்ணம். புயலில் எதிரி எது என்று தெரியும்.

கப்பலின் தலைவர் பெயர் றொபேட் நொக்ஸ். கூடவே இருந்த மகனுக்கும் அதே பெயர், வயது 19. முதல் சில நாட்கள் ஊரார் அன்பாகவே நடந்துகொண்டார்கள் என்று மகன் எழுதுகிறார். பிறகு மன்னனின் திசாவை, படையுடன் உள்நாட்டிலிருந்து வந்திறங்கினார். மன்னனின் கடிதம் வந்திருக்கிறது, தலைவர் கையில்தான் கொடுப்பேன் என்றார். மகனும் கப்பலின் வணிக அதிகாரியும் கடற்கரையிலிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே போய்த் திசாவையைக் கண்டார்கள். இருபது முப்பது நாட்களுக்கு மேல் தங்கமாட்டோம் என்று அவரிடம் சொன்னார்கள். தந்தை அவர்களைக் காத்துக் கரையில் ஒரு புளியமரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தபோது படைவீரர்கள் சூழ்ந்து, அவரையும் ஆயுதமில்லாத ஏழு பேரையும் பிடித்தார்கள். மரத்துக்காகக் கரையேறியிருந்த நீள்படகின் ஆட்களுக்கு நடந்தது தெரியாது. அவர்களையும் வளைத்துக் கொடியால் கட்டினார்கள். 1660 ஏப்ரல் அது. மூதூரில் அந்தப் புளியமரத்தின் அடையாளமாக 1893இல் நாட்டிய கல்லொன்று உண்டு. அதில் பிடிபட்ட தலைவரும் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தவரும் ஒரே ஆள் என்பதுபோல் எழுதிவிட்டார்கள். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் வைத்தால் கல்வெட்டுக்குக்கூடக் குழப்பந்தான்.

ஏன் பிடித்தார்கள்? மன்னனுக்கு முறைப்படி கடிதமும் கையுறையும் அனுப்பத் தவறியதே காரணம் என்பது நொக்ஸின் ஊகம். ஆங்கில வாசகர்கள் இதைக் கீழைத்தேயக் கொடுங்கோலனின் கோபமாக வாசித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரை அழைத்தவன். 1656இல் கொழும்பு வீழ்ந்ததும் ஒல்லாந்தர் கோட்டையை அவனிடம் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயிற்று. இரண்டே ஆண்டுகள் கழித்து, பெயரறியாத இன்னொரு வெள்ளைக் கப்பல் அவனுடைய குடாவில் வந்து நின்று, அவனிடம் ஒரு சொல்லும் கேளாமல் அவனுடைய காட்டில் கோடரி வைத்தால் அவன் என்ன நினைப்பான்? எங்கள் ஊரில் மற்றவர் வளவில் ஒரு பனையோலை வெட்டவும் படலையடியில் நின்று குரல் கொடுத்துக் கேட்பார்கள். இதைச் சொல்வதால் அவன் செய்ததை நியாயப்படுத்துகிறேன் என்று கொள்ள வேண்டாம். பதினாறு பேரை ஊர் ஊராகப் பிரித்து வைத்து, குற்றமும் சொல்லாமல், விடவும் விடாமல் வாழ்நாளைத் தின்பது எந்த அரசு செய்தாலும் கொடுமையே. செய்தித்தாளில் பல்லாண்டு வேலை செய்த எனக்கு, விசாரணையின்றி வைக்கப்பட்டவர்களின் உறவினர் காரியாலய வாசலில் நின்ற நாட்கள் நினைவிருக்கின்றன.

நூலில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் பகுதி இனி வருவது. கப்பலைக் கைப்பற்றத் திசாவைக்கு ஆசை. அதை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லும்படி தலைவரை நெருக்கினார். ஆணை சொல்ல மகனை அனுப்புகிறேன் என்றார் தலைவர். மகன் படகேறிக் கப்பலுக்குப் போனார். அங்கே நின்ற துணைத்தலைவரிடமும் மாலுமிகளிடமும், ஏமாந்துவிடாதீர்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று உண்மையைச் சொன்னார். அவர்கள் கப்பலைக் காப்பதாக உறுதி கூறினார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். பத்தொன்பது வயது. காலின் கீழே கப்பல் தளம். சுற்றிலும் தன் மொழி பேசும் ஆட்கள், ஏற்றி வைத்த பீரங்கி. திரும்பிப் போகாவிட்டால் யாரும் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கரையை விட்டு வரும்போது தந்தை ஒன்றைச் சொல்லியிருந்தார்: என்னை இந்த நிலையில் விட்டுவிடாதே, திரும்பி வா. மகன் மறுபடி படகில் இறங்கிக் கரைக்குப் போனார்.

கப்பல் பிறகு அவர்களின்றிப் பாய் விரித்துப் போய்விட்டது. போகும்படி தலைவரே சொல்லிவிட்டார். பருவக் காற்று எவருக்காகவும் காத்திருப்பதில்லை. நிறுத்தி வைத்தால் கப்பலும் போய்விடும், எஞ்சியவர்களும் போய்விடுவார்கள்.

தந்தையும் மகனும் கண்டிக்கு வடக்கே பண்டார கொஸ்வத்த என்ற ஊரில் வைக்கப்பட்டார்கள். இருவரையும் காய்ச்சல் பிடித்தது. 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். எழுந்து நிற்க வலுவில்லாத மகன், கூட இருந்த வேலைக்காரச் சிறுவனின் உதவியுடன் குழி தோண்டிப் புதைத்தார். அதற்குப் பிறகுள்ள பதினெட்டு ஆண்டுகளைப் பற்றி ஏராளமானோர் எழுதியிருக்கிறார்கள்: தொப்பி பின்னி விற்றது, தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து ஒரு முதியவரிடமிருந்து ஆங்கில விவிலியத்தைப் பெற்றது, நெல் கடன் கொடுத்து வாங்கியது, லெகுந்தெனிய மலையில் இருந்தது, உடுநுவரையிலுள்ள எலதெத்தயில் நிலம் வாங்கி வீடு கட்டியது. கண்டி நாட்டில் அப்போது இப்படிக் கைதிகள் வேறும் இருந்தார்கள். 1658இல் மாலைதீவருகே உடைந்த வேறொரு ஆங்கிலக் கப்பலின் ஆட்களும் அவர்களுள் அடங்குவர். சிலர் இங்கேயே மணம் செய்து கலந்துவிட்டார்கள். நொக்ஸ் மணம் செய்யவில்லை. கரையேற்றி வைத்த படகு அவர். நீர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மறக்கவேயில்லை.

1679 செப்டெம்பர் 22ஆம் நாள், சரக்கு விற்கப் போகும் வியாபாரிபோல, ஒரு தோழருடன் எலதெத்தயிலிருந்து புறப்பட்டார். ஆற்றைப் பின்பற்றினால் கடல் வரும் என்பது மாலுமியின் கணக்கு. ஆனால் மகாவலியைப் பின்பற்றவில்லை. அநுராதபுரம்வரை போய், அங்கிருந்து மல்வத்து ஓயாவின் வழியே, நம்மவர் அருவியாறு என்று சொல்லும் அந்த ஆற்றோரமாகக் காட்டுக்குள் நடந்தார். வன்னியர்களின் தமிழ்ப் பற்று வந்தபோது எல்லை கடந்துவிட்டதை உணர்ந்தார்கள். ஒக்டோபர் 18ஆம் நாள் மன்னார்க் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டை. அடுத்த ஆண்டு இலண்டன். 1681இல் நூல் வெளியாயிற்று. பிறகு கம்பனி அவருக்கே ஒரு கப்பலைக் கொடுத்தது. அந்தக் கப்பலை அவர் மடகஸ்காருக்கும் செலுத்தினார், சென். எலேனாத் தீவுக்கு அடிமைகள் வாங்குவதற்காக. பத்தொன்பது ஆண்டு மற்றவன் விருப்பத்தில் அடைபட்டிருந்தவர் அந்த வேலையை மறுக்கவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும், ஆனால் இந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிடுவேன்.

கண்டிக்கு வருகிற வெளியூர் நண்பர்களுக்கு எலதெத்தயைப் பற்றிச் சொன்னால் அநேகருக்குத் தெரிவதில்லை. எம்பக்கே தேவாலயத்தின் செதுக்கிய மரத்தூண்களைப் பார்க்கப் போகிறார்கள். அதே உடுநுவரையில்தான் எலதெத்தயும் இருக்கிறது. நான் பேருந்தில் பேராதனையைத் தாண்டி, தவுலகல பக்கமாகப் போனேன். வயல், கமுகு, கித்துள் மரங்கள், மேட்டிலே வீடுகள். நொக்ஸின் வீட்டைத் தேடிப் போகவில்லை. முந்நூற்று நாற்பது ஆண்டுக்குப் பின் மண்சுவரில் என்ன மிஞ்சும்? கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் அவர் இருந்தார் என்பதை உடம்பால் உணர வேண்டும் என்று தோன்றிற்று. நான்கு பக்கமும் மலை. காற்றுக்கூட நேராக வராது, வளைந்துதான் வருகிறது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று எங்கள் ஊரில் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. இங்கே எந்தக் காற்றை எந்தப் பெயரால் அழைப்பது?

சந்தியில் ஒரு தேநீர்க் கடை. என்னிலும் மூத்தவர் ஒருவர் கடைக்காரர். என் சிங்களத்தின் யாழ்ப்பாணத்து வாடையைக் கண்டுபிடித்துவிட்டு, எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்த நினைவு அவருக்கு இருந்தது. தொப்பி பின்னிய வெள்ளைக்காரன், என்றார். கப்பல், வெட்டிய பாய்மரம், புளியமரம் எல்லாம் அவருக்குப் புதிது. தேநீரை ஆற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கப்பலுக்குத்தானே திரும்பிப் போய்விட்டான்? அப்படியே போயிருக்கலாமே, மாத்தையா?"

தந்தை கரையில் இருந்தார் என்றேன்.

"ஆ, அப்படியா" என்றார். குவளையை என் முன்னால் வைத்துவிட்டு, சீனி போதுமா என்று கேட்டார்.